ஒப்புக்கொண்ட நேரத்தை மறுபடி கேட்பது ஏன்? ஸ்பானிய மொழியில் சந்திப்பு உறுதிசெய்தல்

ஸ்பானியம் அலுவல் மொழியாக உள்ள நாடுகள் 20. அவற்றில் பலவற்றில், பல் மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ வாங்கிய அப்பாயின்ட்மென்ட் ஒரே பேச்சில் முடிந்துவிடுவதில்லை. முதல் நாள் அழைப்போ குறுஞ்செய்தியோ வருகிறது. நண்பர்கள் ஒரு வாரம் முன்பே பேசிவைத்த இரவு உணவானாலும், அன்று பிற்பகலில் யாராவது ஒருவர் "அப்போ ஒன்பது மணிக்குத்தானே?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வராத சந்திப்பு நடக்குமா என்பதே சந்தேகம்.

ஒருமுறை சரி என்று சொன்ன பிறகு மறுபடி ஏன் கேட்க வேண்டும்? இக்கட்டுரை இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் தரப்படுகின்றன. அந்த மக்களுக்கு நேரத்தைப் பற்றிய அக்கறை குறைவு, ஆகவே நினைவூட்ட வேண்டியிருக்கிறது என்பது ஒன்று. இது வெறும் மரியாதைச் சடங்கு என்பது மற்றொன்று. இரண்டும் போதாது என்பது என் வாதம். முதல் "சரி" உறவைக் காப்பதற்காகச் சொல்லப்படுவது; இரண்டாவது "சரி"தான் கடிகாரத்துக்குக் கட்டுப்படுவது. அதோடு, நேரத்தைச் சொல்லும் முறை ஊருக்கு ஊர் மாறும் ஒரு மொழியில், திருப்பிச் சொல்வதுதான் பிழை திருத்தும் வழி.

1. காலம் தவறுபவர்கள் என்ற விளக்கம்

இந்த விளக்கத்துக்குக் கல்விப்புல மதிப்பைத் தந்தவர் அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் டி. ஹால். 1959இல் வந்த 'தி சைலன்ட் லாங்க்வேஜ்' நூலில், லத்தீன் அமெரிக்க அலுவலகங்களில் காத்திருக்க நேர்ந்த அமெரிக்கர்களின் எரிச்சலை அவர் ஆராய்ந்தார். ஒரு வேளையில் ஒரு வேலை என்று வாழும் பண்பாடுகள், ஒரே வேளையில் பல வேலைகளைக் கோத்துக்கொள்ளும் பண்பாடுகள் என்று பின்னர் பிரித்தார். 1983இல் வெளிவந்த 'தி டான்ஸ் ஆஃப் லைஃப்' நூலில் இந்தப் பிரிவினை விரிவாக வருகிறது. ஹாலின் நோக்கம் இழிவுபடுத்துவதல்ல. எரிச்சலடையும் அமெரிக்கனுக்குப் புரியவைப்பதுதான். ஆனால் அவருக்குப் பின் வணிகப் பயிற்சிக் கையேடுகளில் நின்றது ஒரே செய்தி: ஸ்பானியம் பேசுபவர் நேரத்துக்கு வரமாட்டார்.

அடுத்து எண்கள் வந்தன. உளவியலாளர் ராபர்ட் லெவின் 31 நாடுகளின் பெருநகரங்களில் வாழ்க்கை வேகத்தை அளந்து, 1999இல் ஆரா நோரென்ஸாயனுடன் சேர்ந்து முடிவுகளை வெளியிட்டார். பட்டியலில் கடைசி இடம் மெக்சிகோவுக்கு. அளந்தவை மூன்று: நகர மையத்தில் மக்கள் நடக்கும் வேகம், தபால் ஊழியர் ஒரு தபால்தலை விற்க எடுக்கும் நேரம், வங்கிக் கடிகாரங்களின் துல்லியம். சந்திப்புக்குச் சொன்ன நேரத்தில் வருகிறார்களா என்பது இம்மூன்றில் எதிலும் இல்லை. மெதுவாக நடப்பவர் சொன்ன நேரத்துக்கு வரலாம், வேகமாக நடப்பவர் தாமதமாகக் கிளம்பியவராக இருக்கலாம். இந்த ஆய்வை வைத்துக்கொண்டு சந்திப்பு ஒழுக்கத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது அளவையியல் பிழை.

உள்ளிருந்தே வந்த கண்டனங்களும் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. ஈக்வடாரில் 2003இல் 'பார்த்திசிபாசியோன் சியுதாதானா' என்ற குடிமக்கள் அமைப்பு நேரந்தவறாமைக்காக நாடு தழுவிய இயக்கம் நடத்தியது. பெருவில் 2007 மார்ச் 1 அன்று அரசே 'லா ஓரா சின் தெமோரா', அதாவது தாமதமில்லா நேரம், என்ற இயக்கத்தைத் தொடங்கியது. நண்பகலில் சங்கு ஊதி, மணியடித்து, நாட்டின் கடிகாரங்களை ஒன்றாக்கினார்கள். பெரு நாட்டவர் தாமத வழக்கத்தைத் தாங்களே 'ஓரா பெருவானா', பெரு நேரம், என்கிறார்கள். கண்டிப்பான நேரத்தைக் குறிக்க அவர்களிடமும் பிற நாடுகளிலும் 'ஓரா இங்கிளேசா', ஆங்கிலேய நேரம், என்ற வழக்கு இருக்கிறது.

இதுதான் முக்கியம். எந்த நேரம் கண்டிப்பானது, எது தோராயமானது என்று அழைக்கும்போதே பிரித்துச் சொல்லும் சமூகத்தை நேர உணர்வு அற்றது என்று எப்படிச் சொல்வது? 'அ லாஸ் சிங்கோ என் புன்தோ' என்றால் சரியாக ஐந்து. 'அ எசோ தே லாஸ் சிங்கோ' என்றால் ஐந்து வாக்கில். அர்ஜென்டினாவில் 'தீப்போ சிங்கோ' என்றாலும் அதே தளர்வு. ஸ்பெயினில் காளைப்போர் குறித்த நிமிடத்தில் தொடங்கும். மட்ரித்துக்கும் செவிய்யாவுக்கும் இடையிலான அதிவேக ரயிலில் 5 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரும் உறுதியைப் பல ஆண்டுகள் ரயில் நிறுவனம் கடைப்பிடித்தது. ஆக, இருப்பவை இரண்டு தரங்கள். பேசப்படும் சந்திப்பு எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்பதை முடிவுசெய்யும் இடங்களில் ஒன்று, மறுபடி கேட்கும் அந்த அழைப்பு.

2. நண்பகல் எத்தனை மணிக்கு?

உறுதிசெய்யும் அழைப்பு எப்படி நடக்கிறது என்று நெருங்கிப் பார்க்கலாம். எந்த ஊரிலும் நடக்கக்கூடிய ஓர் உரையாடலை மாதிரியாக வைத்துக்கொள்கிறேன். மருத்துவமனை வரவேற்பாளரின் கணினித் திரையில் 17:30 என்று இருக்கிறது.

"வணக்கம் செஞ்ஞோரா, செவ்வாய்க்கிழமை உங்களுக்கிருக்கும் அப்பாயின்ட்மென்டை உறுதிசெய்யக் கூப்பிடுகிறேன்."

"ஆமாம், சொல்லுங்கள்."

"செவ்வாய் 14ஆம் தேதி, மாலை ஐந்தரைக்கு. உங்களுக்குச் சரிப்படுமா?"

"செவ்வாய் 14, ஐந்தரைக்கு. வந்துவிடுகிறேன்."

"நல்லது, அப்படியே வைத்துக்கொள்வோம்."

"சி தியோஸ் கியேரே. நன்றி."

திரையில் உள்ளது 24 மணிக் கணக்கு. அதை யாரும் அப்படியே வாசிப்பதில்லை. 'பதினேழரை' என்பது ரயில் நிலைய அறிவிப்புக்கும் படைமுகாமுக்கும் உரிய பேச்சு. வரவேற்பாளர் மனத்தில் மாற்றி 'மாலை ஐந்தரை' என்கிறார். கேட்டவர் தன் நாட்காட்டியில் 5:30 என்று எழுதிக்கொள்கிறார். ஒரே நேரம் இரண்டு முறை உருமாறிவிட்டது. கிழமையும் தேதியும் சேர்ந்து வருவது, ஒன்று பிழையானால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும் என்பதற்காக. தொலைபேசியில் 'தோஸ்' என்ற இரண்டும் 'தோசே' என்ற பன்னிரண்டும் எளிதில் ஒன்றையொன்று போலக் கேட்கும். 'சேயிஸ்' என்ற ஆறும் 'சியேத்தே' என்ற ஏழும் அப்படியே. நோயாளி திருப்பிச் சொல்லாவிட்டால் இந்தப் பிழைகள் வெளியே வராது.

இதைவிடப் பெரிய சிக்கல் பகலின் நடுவில் இருக்கிறது. ஸ்பெயினில் நண்பகல் 12 மணியைத் 'தோசே தே லா மன்யானா', காலை பன்னிரண்டு, என்பது இயல்பான வழக்கு. மதிய உணவு வரை அங்கே காலைதான். ஒன்றரை மணிக்கும் காலை வணக்கமே சொல்வார்கள். மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் அதே 12 மணி 'தோசே தெல் தியா', பகல் பன்னிரண்டு. மட்ரித்காரர் சொன்ன காலை பன்னிரண்டை ஒரு கொலம்பிய எழுத்தர் ஆங்கில மென்பொருளில் பதியும்போது '12 ஏ.எம்.' என்று போட்டால் அது நள்ளிரவு. ஸ்பானிய மொழி அகாதமி நண்பகலுக்குப் பரிந்துரைப்பது '12 எம்.' என்ற சுருக்கம். லத்தீனில் நடுப்பகலைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. லத்தீன் அமெரிக்காவில் இது அறிவிப்புப் பலகைகளில்கூடக் காணப்படுகிறது. பழக்கமில்லாதவர் அதே எழுத்தை 'மன்யானா' என்றோ, 'மேதியானோச்சே' எனும் நள்ளிரவு என்றோ வாசிக்க இடமிருக்கிறது.

'மேதியோதியா' என்ற நண்பகலே ஒரு நேரப்புள்ளி அல்ல. அகாதமியின் அகராதி அதைப் பன்னிரண்டைச் சுற்றிய வரையறுக்கப்படாத ஒரு பொழுதாகவும் விளக்குகிறது. ஸ்பெயினில் அந்தப் பொழுது உணவு வேளையான இரண்டு, மூன்று மணி வரை நீளும். அங்கே "நண்பகலில் பார்ப்போம்" என்று சொல்லப்பட்டதைக் கேட்டு 12 மணிக்கு வந்து நிற்கும் ஈக்வடார்காரர் இரண்டு மணிநேரம் காத்திருக்கக்கூடும். இதில் ஸ்பெயின்காரரைக் குறை சொல்ல முடியாது, சூரியனும் அவர் பக்கம்தான். 1940 மார்ச்சில் ஃபிராங்கோ அரசு நாட்டின் கடிகாரத்தை மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாற்றியது. அது திரும்பவே இல்லை. அதனால் மட்ரித்தில் சூரியன் உச்சிக்கு வருவது குளிர்காலத்தில் ஏறத்தாழ 1:15 மணிக்கு, கோடையில் 2:15 மணிக்கு.

கால் மணிக் கணக்கிலும் வேறுபாடு உண்டு. 2:45ஐ ஸ்பெயினில் 'லாஸ் த்ரேஸ் மேனோஸ் குவார்த்தோ', மூன்றுக்குக் கால் குறைவு, என்பார்கள். மெக்சிகோவிலும் சிலேயிலும் 'குவார்த்தோ பாரா லாஸ் த்ரேஸ்', மூன்றுக்குக் கால். இவ்விரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. குழப்பம் பார்சலோனாவில்தான் உண்டு. கத்தலான் மொழியின் பழைய மரபில் 4:30 என்பது ஐந்தின் இரண்டு கால்கள்: நான்கு முடிந்து ஐந்தை நோக்கிப் போகும் மணியில் இரண்டு கால் பங்கு கடந்துவிட்டது. ஸ்பானியக் கணக்குக்குப் பழகிய காது இதை ஐந்துக்குப் பிறகு இரண்டு கால், அதாவது ஐந்தரை, என்று எடுத்துக்கொள்ளலாம். இருமொழி பேசும் அந்த நகரத்தில் நேரத்தை மற்ற மொழியிலும் ஒருமுறை சொல்லி உறுதிசெய்வது மரியாதையைவிட அடிப்படையான தேவை.

3. எட்டு நாள் என்ற ஒரு வாரம்

மருத்துவர் "எட்டு நாளில் வாருங்கள்" என்கிறார். ஸ்பானியத்தில் 'ஓச்சோ தியாஸ்' பெரும்பாலும் ஒரு வாரம். 'கின்சே தியாஸ்', பதினைந்து நாள், இரண்டு வாரம். மெக்சிகோவில் 'தே ஓய் என் ஓச்சோ' என்றால் அடுத்த வாரம் இதே கிழமை. தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ணும் இம்முறை ரோமானியக் காலத்தது. எட்டு நாளுக்கு ஒருமுறை கூடிய ரோமானியச் சந்தைக்கு, சேர்த்தெண்ணும் கணக்கில், ஒன்பதிலிருந்து பெயர் வந்தது. பிரெஞ்சிலும் எட்டு நாள் வாரம்தான், பதினைந்து நாள் இருவாரம்தான்.

அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் இதை எண் மாறாமல் பெயர்த்தால் செவ்வாய்க்கிழமை வர வேண்டியவருக்குப் புதன்கிழமை குறிக்கப்படும். தையல் பிரிக்கும் நாளோ இரத்தப் பரிசோதனை நாளோ ஒன்று தள்ளிப்போகும். எண் சரி, நாள் தவறு. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் இதை அறிவார்கள். உறவினர் வீட்டுப் பிள்ளையை அழைத்து மொழிபெயர்க்கச் சொல்லும் இடங்களில் பிழை நேர்கிறது. கிழமையையும் தேதியையும் சேர்த்துச் சொல்லும் உறுதிசெய்தல் இந்தப் பிழையை உடனே பிடித்துவிடும்.

'அஓரித்தா' பற்றியும் ஒரு வரி. 'இப்போதே' என்பதைச் செல்லமாகச் சுருக்கிய இச்சொல் மெக்சிகோவில் உடனே என்பதிலிருந்து எப்போதாவது என்பது வரை நீளும். கியூபா, புவர்த்தோ ரிக்கோ பக்கங்களில் 'கொஞ்சம் கழித்து' என்பதே முதற்பொருள். கடிகார நேரம் சேராத வரை அது நேரம் குறிப்பதாக யாரும் கொள்வதில்லை.

4. இரண்டு சம்மதங்கள்

சொல்வழக்கு வேறுபாடுகள் திருப்பிக் கேட்பதன் தேவையைக் காட்டுகின்றன. ஆனால் ஒரே ஊரில், ஒரே வழக்கில் வளர்ந்த இரு நண்பர்களும் ஏன் மறுபடி கேட்டுக்கொள்கிறார்கள் என்பதற்கு அவை விடையாகா. அதற்குச் சம்மதம் எப்படித் தரப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

பெனலப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரின் மரியாதைக் கோட்பாடு, எதிராளியின் தனிச் சுதந்திரத்தில் தலையிடாமல் இருப்பதை மரியாதையின் ஒரு பெரும்பகுதியாகக் கண்டது. ஸ்பானியப் பேச்சுக்கு அது முழுதும் பொருந்தவில்லை என்று வாதிட்டவர்களில் டியானா பிராவோ முக்கியமானவர். தன்னாட்சி, குழுவோடு இணைந்திருத்தல் என்ற இரண்டையும் அந்தந்தச் சமூகம் எப்படி நிரப்புகிறது என்று பார்க்க வேண்டும் என்றார் அவர். செசார் ஃபெலிக்ஸ்-பிராஸ்தெஃபெர் 2008இல் வெளியிட்ட நூலில் மெக்சிகோ, அமெரிக்கக் கல்லூரி ஆண்களின் மறுப்புகளை ஒப்பிட்டார். மெக்சிகோவில் அழைப்பை மறுத்தால் அழைத்தவர் மறுபடி வற்புறுத்துவது எதிர்பார்க்கப்படுகிறது. வற்புறுத்தாவிட்டால் அழைப்பில் மனம் இல்லை என்று பொருள். இவை பெரும்பாலும் நடித்துக் காட்டப்பட்ட சூழல்களிலிருந்து பெற்ற தரவுகள். இயல்பான பேச்சுக்கு அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை தேவை. ஆனாலும் போகும் திசை தெளிவு.

அழைப்பே உறவின் அறிகுறி என்றால், அதற்கு முதலில் வரும் சம்மதமும் உறவைப் பற்றியதுதான். 'உன்னோடு இருக்க விருப்பம்' என்பதே அதன் பொருள். வெள்ளிக்கிழமை ஒன்பது மணி அதில் இன்னும் ஏறவில்லை. முகத்துக்கு நேரே மறுப்பது அந்த விருப்பத்தையே மறுப்பதாகிவிடும். ஆகவே மறுக்க நினைப்பவரும் 'லுவேகோ தே கொன்ஃபிர்மோ', அப்புறம் உறுதி சொல்கிறேன், என்று நிறுத்திக்கொள்கிறார். நம் 'பார்க்கலாம்' போல, அது மறுப்பாகவும் இருக்கலாம், உண்மையிலேயே நாட்காட்டியைப் பார்க்க வேண்டியும் இருக்கலாம். இரண்டாவது கேள்வி வரும்போதுதான் பிரிகிறது. அன்று பிற்பகல் கேட்பவர் நினைவூட்டவில்லை. மறுப்பதற்கான கௌரவமான வாய்ப்பை மற்றவருக்குத் தருகிறார். "மன்னித்துக்கொள், இன்று முடியாமல் போய்விட்டது" என்பது அந்த நேரத்தில் புண்படுத்தாது. மறுபடி கேட்கும் வழக்கத்தில் எனக்கு மதிப்பு ஏற்படுவது இந்த இடத்தில்தான்.

ஸ்பெயினில் இந்தப் பணியைப் பெருமளவு ஏற்பது 'கேதார்' என்ற வினை. "கேதாமோஸ் அ லாஸ் ஓச்சோ" என்றால் எட்டு மணிக்கு என்று நாம் இருவரும் முடிவுசெய்கிறோம். தன்மைப் பன்மையில் வருவதால் ஒருவர் கட்டளையிட்டு மற்றவர் பணிவதாகத் தொனிப்பதில்லை. உரையாடலின் இறுதியில் "புவேனோ, புவேஸ் கேதாமோஸ் அசி" என்று, அப்படியே வைத்துக்கொள்வோம் என்று, மறுபடி வரும். இமானுவேல் ஷெக்லோஃபும் ஹார்வி சாக்ஸும் 1973இல் தொலைபேசி உரையாடல்கள் எப்படி முடிகின்றன என்று ஆராய்ந்தபோது, செய்துகொண்ட ஏற்பாட்டை மீண்டும் சொல்வது உரையாடலை முடிக்கும் ஒரு வழி என்று காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை ஆங்கில உரையாடல்கள். ஸ்பானியத்தில் அதே செயல் இன்னும் ஒரு வேலை செய்கிறது: இருவரும் ஒப்புவதற்கான ஒலி. ஸ்பெயினில் 'பாலே', அர்ஜென்டினாவில் 'தாலே', மெக்சிகோவில் 'சாலே', கொலம்பியாவில் 'லிஸ்தோ', சிலேயில் 'யா'. அந்த ஒலி கேட்காமல் தொலைபேசியை வைத்தால் சந்திப்பு இன்னும் தொங்கலில் இருப்பதாகவே தோன்றும்.

மேலே மாதிரி உரையாடலின் கடைசியில் வந்த 'சி தியோஸ் கியேரே', கடவுள் சித்தம் இருந்தால், என்பதை வெளியாள் தயக்கமாக எடுத்துக்கொள்வதுண்டு. அது தவறு. வருவதாகச் சொல்லி, நேரத்தையும் திருப்பிச் சொன்ன பிறகே அது வருகிறது. நாளை தன் கையில் இல்லை என்ற பணிவு அது. அதைக் கேட்டு 'உறுதியில்லை' என்று குறித்துக்கொள்ளும் எழுத்தர், உறுதியாகச் சொன்ன ஒருவரைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்கிறார்.

5. காகிதமும் குறுஞ்செய்தியும்

அலுவலகம் நுழைந்ததும் இந்த இரு சம்மத முறை உடைகிறது. ஸ்பெயினின் அரசு அலுவலகங்களில் 'சீத்தா பிரேவியா' எனும் முன்பதிவு 2020 பெருந்தொற்றுக்குப் பின் ஏறத்தாழ எல்லா வாசல்களிலும் கட்டாயமானது. குடியேறிகளுக்கான அலுவலகங்களில் நேரமே கிடைக்காத நிலையில், தானியங்கி நிரல்களால் நேரங்களை வளைத்துப்போட்டு விற்ற கும்பலைத் தேசியக் காவல்துறை 2023இல் கைதுசெய்தது. இலவசமாகக் கிடைக்க வேண்டிய ஒரு நேரம் விலைபேசப்பட்டது. இங்கே உறுதிசெய்தல் என்பது ஒரு குறியீட்டெண்ணும் அச்சிட்ட சான்றும் மட்டுமே. கேள்வி கேட்க எதிரில் ஆள் இல்லை. முடியாது என்று சொல்லவும் வழி குறைவு.

அமெரிக்காவில் நிலை வேறு. வீட்டில் ஸ்பானியம் பேசுவோர் அங்கே 4 கோடிக்கும் மேல். 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு, கூட்டாட்சி நிதி பெறும் மருத்துவமனைகள் பிறப்பிட அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. மொழியுதவிக் கடமை அதிலிருந்து பிறந்தது. அதை அரசுத் துறைகளுக்கு விரிவாக்கிய 2000ஆம் ஆண்டு ஆணை 2025 மார்ச்சில் ரத்தாகிவிட்டாலும் சட்டம் நிற்கிறது. ஆகவே நினைவூட்டல் குறுஞ்செய்திகள் ஸ்பானியத்திலும் போகின்றன. குறுஞ்செய்தி நினைவூட்டல் வருகையைக் கூட்டுகிறது என்பதை 2013ஆம் ஆண்டு காக்ரன் மீளாய்வு உறுதிப்படுத்தியது. செய்தி எப்படி எழுதப்பட வேண்டும் என்பது தனிக் கேள்வி.

ஸ்பானியத்தில் பெயர்க்கப்பட்ட செய்தியில் '04/05' என்று அமெரிக்க முறையிலேயே தேதி இருந்தால், ஏப்ரல் 5 என்று அனுப்பப்பட்டது மே 4 என்று படிக்கப்படும். ஸ்பானிய உலகில் நாள் முதலில், மாதம் பின்னர். சொல் எல்லாம் சரியாக ஸ்பானியத்தில் இருக்க, தேதி மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது. நோயாளி ஒரு மாதம் கழித்து வருவார். கோப்பில் 'வரவில்லை' என்று பதிவாகும். பிறகு அது அவருடைய சமூகத்தின் நேரந்தவறல் கணக்கில் சேரும். ஹால் காலத்து முத்திரை இப்படியும் புதுப்பிக்கப்படுகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

பெயர் வழக்கும் கவனிக்கப்பட வேண்டும். மருத்துவரிடம் வாங்கும் நேரத்துக்கு அர்ஜென்டினாவில் 'துர்னோ', சிலேயில் 'ஓரா', மெக்சிகோவிலும் ஸ்பெயினிலும் 'சீத்தா'. ஸ்பெயினில் நேரம் எடுப்பதற்குச் சாதாரணமாகப் பயன்படும் ஒரு வினை அர்ஜென்டினாவிலும் மெக்சிகோவிலும் ஆபாசம். மரியாதையாக விளிக்கும் முறையும் ஊருக்கு ஊர் மாறும். அறியாதவருக்கு எழுதும்போது 'உஸ்தெத்' என்ற மரியாதை வடிவமே பாதுகாப்பானது.

நல்ல நினைவூட்டல் மாதத்தைச் சொல்லாக எழுதும், கிழமையைச் சேர்க்கும், 12 மணியானால் 'தோசே தெல் தியா' என்று விரிக்கும், வர இயலாதவர் சொல்லிவிட ஒரு வழியைத் திறந்துவைக்கும். ஒன்று என்ற எண்ணை அழுத்தச் சொல்லும் தானியங்கி அழைப்பு இவற்றில் பாதியைத்தான் செய்யும், ஏனெனில் எண்ணை அழுத்துவதில் நேரத்தைத் திருப்பிச் சொல்லுதல் இல்லை. மருத்துவர் சொன்னதை நோயாளி தன் சொற்களில் திருப்பிச் சொல்லும் முறை அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து விளக்கத்துக்கு ஏற்கெனவே பரிந்துரைக்கப்படுகிறது. அதையே அப்பாயின்ட்மென்ட் நேரத்துக்கும் நீட்டிக்கலாம். "எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டீர்கள்?" என்று வரவேற்பாளர் கேட்டால் போதும். மருத்துவமனைக்கு அது கூடுதலாக அரை நிமிடப் பேச்சு; ஸ்பானியம் பேசும் நோயாளிக்கு அது வீட்டிலும் நண்பரோடும் பழகிய முறை.